வெட்டி எடுத்த சத்தம்

ஆ காட்டு, தங்கம், ஆ காட்டு, ஒரே ஒரு வாய், இது அம்மாவுக்கு, அடுத்தது அப்பாவுக்கு, அப்பா இந்நேரம் ஆபீஸ் கேன்டீனில் யாரும் கெஞ்சாமலே சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவருக்காக இவள் எதற்கு ஒரு வாய் வாங்க வேண்டும், சரி, காக்காவுக்கு ஒரு வாய், காக்காவும் வராது, மூன்றாவது மாடி ஜன்னலில் புறா வலையைக் கட்டிவைத்த பிறகு காக்கா எப்படி வரும். அரிசிம்பருப்பு சாதம் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறினால் கெட்டியாகும், கெட்டியானால் துப்புவாள், துப்பினால் மறுபடியும் வெந்நீர் ஊற்றிப் பிசைய வேண்டும், அப்போது நெய் தனியாக மிதக்கும், அதற்கும் முகத்தைச் சுளிப்பாள். நறுமுகை, இங்கே பாரு. பார்க்கவில்லை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஃப்ரிட்ஜின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கேதான் போன் இருக்கிறது. பிரெட் பாக்கெட்டுக்குப் பின்னால் தள்ளி மேலே ஒரு துண்டையும் போட்டு மூடினேன், நகையை ஒளித்துவைப்பதைப் போல. ஒளித்துவைக்கும்போது இவள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஒன்றரை வயதுக்கு எல்லாம் தெரிகிறது. தன் பேர் மட்டும் தெரியவில்லை. ப்ச்.

பேர் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை, டாக்டர் சொல்லாமல் சொன்னார். அந்த அம்மாள் ஃபைலைப் பார்த்து நறுமுகை என்று கூப்பிட்டார். இவள் அவருடைய மேஜை மேலிருந்த செல்லைப் பார்த்தபடியே இருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் செல். கையைத் தட்டினார், அதற்குத் திரும்பினாள், ஆக காது சரி. "வீட்ல கூப்பிட்டா திரும்பிப் பாக்கறாளாம்மா?" என்று கேட்டார். பாக்கறா டாக்டர், சில சமயம், என்றேன். எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்டார். நான் இவள் அப்பாவைப் பார்த்தேன், பூபதி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார். கொஞ்ச நாளைக்குப் போனே வேண்டாம், அப்புறம் கூட்டிக்கொண்டு வாங்க, அப்போதும் இப்படியே இருந்தால் மேற்கொண்டு டெஸ்ட்டுக்கு எழுதித் தருகிறேன் என்றார். அந்த அப்புறம் இன்றைக்குத்தான், சாயங்காலம். வெளியே வந்ததும் பூபதி சொன்னார், பேரைப் பெரிதாக வைத்துவிட்டோம், அதுதான். வீட்டில் யார் இவளை நறுமுகை என்று கூப்பிடுகிறார்கள். அவருக்கு முகி, எனக்குத் தங்கம், கீழ் வீட்டு மல்லிகாக்காவுக்குச் சாமி, லிஃப்டில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாப்பா. இத்தனை பேரில் எதற்கென்று திரும்புவாள், பாவம். இதைச் சொல்லிக் காரில் இரண்டு பேரும் சிரித்தோம். சிங்காநல்லூர் சிக்னல் வரைக்கும் சிரித்தோம். அன்று ராத்திரியிலிருந்து முகி, தங்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நறுமுகை, நறுமுகை என்று பாடம் நடத்துவதைப் போலக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், ஊட்டும்போது மட்டும் தங்கம் தானாக வந்துவிடுகிறது. அவள் எதற்கும் திரும்புவதில்லை. ஜிக்குவுக்கு மட்டும் திரும்புகிறாள்.

ஜிக்கு போனில் வரும் கார்ட்டூன் அணில். பச்சை டிராயர், பெரிய பல், வாலில் ஒரு மணி. ஜிக்கு பேசினால் இந்த வீட்டில் அழுகை நிற்கும், வாய் திறக்கும், சாதம் உள்ளே போகும், டயப்பர் மாற்றலாம், நகம் வெட்டலாம். ஜிக்குவுக்குக் குரல் கொடுப்பது யார் என்று கேட்டால் நான்தான். கல்யாணத்துக்கு முன்னால் ரேடியோ விளம்பரத்துக்குப் பேசிக்கொண்டிருந்தேன், நகைக்கடை, மாவுமில், பிரசவ ஆஸ்பத்திரி. இப்போது வாரத்தில் இரண்டு நாள் சாய்பாபா காலனியில் ஒரு வீட்டின் மாடியில், ஜன்னலையெல்லாம் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்த அறையில் உட்கார்ந்து, மூக்கால் பாதி தொண்டையால் பாதி, "ஹாய் குட்டீஸ், நான்தான் உங்க ஜிக்கு" என்கிறேன். ஊரெல்லாம் குழந்தைகள் அதைக் கேட்டுச் சாப்பிடுகின்றன. என் குழந்தை என் குரலைக் கேட்டுத்தான் சாப்பிடுகிறது என்று ஆரம்பத்தில் எவ்வளவு பெருமை. மல்லிகாக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். ஒரு நாள் போன் சார்ஜில் இருந்தபோது, சரி, அசலே இங்கே இருக்கும்போது நகல் எதற்கு என்று நேரில் ஜிக்குவாகப் பேசினேன். ஹாய் நறுமுகை, நான்தான் உங்க ஜிக்கு. சட்டென்று திரும்பினாள். என் வாயிலிருந்துதான் வருகிறது, இரண்டு முழம் தூரத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், அவள் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், போன் எங்கே என்று தேடினாள். நான் பேசப்பேசத் தேடினாள். என் முகத்தில் அந்தக் குரல் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

விழுங்கு. விழுங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கிவைத்திருக்கிறாள். ஒதுக்கிவைத்ததை வெளியே எடுப்பதா, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பதா. தண்ணீர் கொடுத்தால் சாதம் நின்று தண்ணீர் மட்டும் போகும். எங்க காலத்துல நிலாவக் காட்டித்தான் ஊட்டுனோம் என்பார் மல்லிகாக்கா. இதை நேற்றும் சொன்னார், மாடிப்படியில், துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நிலா மட்டும் என்னவாம். அதுவும் வேடிக்கைதானே. வாய்க்குள் என்ன போகிறது என்று தெரியாமல் இருக்கத்தானே நிலா, நாய், பஸ், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் குடை எல்லாவற்றையும் காட்டினார்கள். இந்த ஊரில் எந்தக் குழந்தை சாதத்தைப் பார்த்துச் சாதம் தின்றது. நாங்கள் போனைக் காட்டினால் மட்டும் பாவம். எல்லோரும் நான் குற்ற உணர்ச்சியில் தலைகுனிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் ராத்திரி படுத்த பிறகு நிலாவைப் பற்றி இன்னொன்றும் தோன்றியது, அதை மல்லிகாக்காவிடம் சொல்லமாட்டேன், சொன்னால் ஜெயித்துவிட்டதாக நினைப்பார். நிலா சும்மா இருக்கும். கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். அலுத்தால் குழந்தை வேறு வழியில்லாமல் ஊட்டுகிறவள் முகத்தைப் பார்க்கும். ஜிக்கு அலுக்காது. அலுக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே எங்கள் ஆபீஸில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.

சந்திரமௌலி சார். அவர்தான் டைரக்டர், அவருக்குக் குழந்தை கிடையாது, ஆனால் குழந்தைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. மீட்டிங்கில் கம்ப்யூட்டர் கிராஃபில் ஒரு கோட்டைக் காட்டுவார். எந்த இடத்தில் பார்க்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்களோ அந்த இடத்தில் கோடு கீழே விழும். பழங்கள் எபிசோடில் நான் பேசிய இடத்தில் விழுந்திருந்தது. ஆப்பிள் என்ன கலர் என்று ஜிக்கு கேட்கும், கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கும், அப்புறம் சிவப்பு என்று சொல்லும். அந்தச் சும்மாவை நான்தான் வைத்தேன். ஸ்கிரிப்டில் கிடையாது, பேசும்போது தானாக வந்தது, கேள்வி கேட்டால் வாயை மூட வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம்தானே. சார் அந்த இடத்தில் நிறுத்தி, "இங்க ஒண்ணும் நடக்கலயே மேடம்" என்றார். குழந்தை பதில் சொல்லும் சார் என்றேன். அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார், அதுதான் இன்னும் எரிகிறது, கோபமாகப் பார்த்திருக்கலாம். "பதில் சொன்னா நமக்குக் கேக்காதுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எடிட்டர் லாரன்ஸ் அந்த இடத்தை வெட்டிவிட்டான். இப்போது ஆப்பிள் என்ன கலர் சிவப்பு வாழைப்பழம் என்ன கலர் மஞ்சள், மூச்சு விடாமல் போகிறது, நடுவில் இடம் இருந்தால் ஒரு பலூன் வெடிக்கும், மணி அடிக்கும், படம் மாறிக்கொண்டே இருக்கும். கோடு விழுவதில்லை. வாயைத் திற, சாமி. நறுமுகை. அந்தக் கன்னத்தில் இருப்பதையாவது விழுங்கு. இங்கே பாரு, அம்மா கையில் என்ன, கேரட், கேரட் என்ன கலர், ஆரஞ்சு, கேரட்டை யார் சாப்பிடுவார்கள், முயல் சாப்பிடும், முயலுக்கு எத்தனை காது, இரண்டு காது. கடவுளே, நானும் நிறுத்தாமல்தான் பேசுகிறேன். வீட்டிலும் எவனோ கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைப் போலப் பேசிக்கொண்டே இருக்கிறேன். ப்ச்.

இந்த ப்ச் ஒன்றை மட்டும் என்னால் விட முடியவில்லை. லாரன்ஸ் தலையில் அடித்துக்கொள்வான். வசனம் தப்பினால் ப்ச், தொண்டை கட்டினால் ப்ச், சரியாகவே பேசி முடித்தாலும் கடைசியில் ஒரு ப்ச். "சுகந்திக்கா, உங்க ப்ச்ச வெட்டி எடுக்கறதுக்கே தனியா ஒரு ஆள் போடோணும்" என்பான். ஒன்று விடாமல் தேடித்தேடி எடுத்துவிடுவான், நல்ல பையன். ஜிக்குவுக்கு அலுப்பு வரக் கூடாது. ஜிக்கு ஒரு தடவை கூடத் தூங்கி வழிந்ததில்லை, கால் வலிக்கிறது என்றதில்லை, இன்னும் எத்தனை தடவை சொல்வது என்று யாரையும் கேட்டதில்லை. நான் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டது. அதற்கப்புறம் துணி, பாத்திரம், இவளுக்குக் குளியல், இவள் கொட்டிய தண்ணீர், சாயங்காலத்துக்குப் பையில் எடுத்துவைக்க வேண்டியது. ஜிக்குவாக இருந்தால் வாலில் மணியை ஆட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். எனக்கு முதுகு வலிக்கிறது. தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. இதை முடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பசியில் கத்துவாள், கத்துகிற குழந்தை எந்தப் பேருக்குத் திரும்பும், அந்த அம்மாள் பேனாவை எடுத்து எழுதிவிடுவார். எழுதிவிட்டால் என்ன. எழுதட்டும். டெஸ்ட் எடுத்தால் என்ன இருக்கிறதோ தெரிந்துவிட்டுப் போகிறது. ஒருவேளை போன் காரணமே இல்லையோ, வேறு ஏதாவதோ, இவள் எனக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாளோ, நான் எந்தக் குரலில் கூப்பிட்டாலும் அங்கே கேட்காதோ. இதை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை பேச்சு.

போன் அடிக்கிறது. துண்டுக்கு அடியில், பிரெட்டுக்குப் பின்னால். இவள் எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும், தொம்தொம் என்று ஓடி ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டு கையும் மேலே. நான் தொண்டை வறளக் கூப்பிட்டபோது அசையாத குழந்தை. பூபதியாகத்தான் இருக்கும். காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார், "இன்னிக்கு ஒரு நாளைக்குக் காட்டிப்போடு சுகந்தி, வயிறு நெறஞ்சாப் போதும், அங்க போய் அழுகாம இருப்பா." ஒரு நாளைக்கு. இதுவரைக்கும் எத்தனை ஒரு நாள். அவருடைய அம்மா வந்திருந்த அன்று ஒரு நாள், எனக்குக் காய்ச்சல் வந்த அன்று ஒரு நாள், ரயிலில் ஒரு நாள். எடுத்துப் பேசினால் இவள் போனைப் பார்த்துவிடுவாள், பார்த்தால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் தட்டு காலியாகும், அவ்வளவு சுலபம். துண்டின் நுனி தொங்குகிறது. கையை நீட்டினால் போதும். மணி நின்றுவிட்டது. நின்றதும் இவள் அழ ஆரம்பிக்கிறாள், கன்னத்தில் இருந்த சாதமெல்லாம் வழிகிறது, கதவில் நெற்றியை முட்டுகிறாள். வேண்டாம் தங்கம், வலிக்கும், இங்கே வா, நறுமுகை, முகி, பாப்பா, சாமி. எதுவும் இல்லை. வேறு வழி தெரியாமல் மூக்கால் பாதி தொண்டையால் பாதி, ஹாய் நறுமுகை, நான்தான் உங்க ஜிக்கு. அழுகை நின்றது. கண்ணீரோடு திரும்பினாள். நான் சிரித்தேன், ஜிக்கு மாதிரியே பல்லைக் காட்டினேன். என் தலைக்கு மேலே பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள், கை காலியாக இருந்தது. மறுபடியும் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போதும். இனி என்னால் முடியாது. நான் பேசப்போவதில்லை. ஆப்பிளுக்கும் கேரட்டுக்கும் என்ன கலர் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்கிறேன். தட்டை மடியில் வைத்து அந்த ஆறிப்போன அரிசிம்பருப்பை நானே எடுத்து வாயில் போடுகிறேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது. பூண்டு கொஞ்சம் தூக்கல். பசி எப்படி இருந்திருக்கிறது பார், அள்ளி அள்ளித் தின்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. எங்கோ கீழே குக்கர் விசில், லிஃப்ட் கதவு, ஃப்ரிட்ஜின் உறுமல். கேவல் குறைந்துகொண்டே வருகிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வாயைத் திறந்துவிடுவேன். சாயங்காலம் டாக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் குழந்தையை மேஜை மேல் உட்காரவைத்துவிட வேண்டியதுதான், நீங்களே கூப்பிட்டுப் பாருங்க, நான் கூப்பிட்டது போதும். தொம், தொம். கிட்டே வருகிறாள். தண்ணீருக்காக இருக்கும். அடுத்த கவளத்தை எடுக்கிறேன், கை வழுக்கி அது நைட்டியில் விழுகிறது, நெய்யோடு, காலையில்தான் மாற்றியது.

ப்ச்.

சொன்னது நான் இல்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வந்துவிட்டது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நைட்டியில் கிடக்கும் சாதத்தைப் பார்க்கிறாள். கண் இன்னும் ஈரம், மூக்கு ஒழுகுகிறது, உதட்டைக் குவித்து, நாக்கை ஒட்டி எடுத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தலையைச் சாய்ப்பது கூட நான் சாய்க்கிற மாதிரியேதான். ஒருவேளை தற்செயலோ. சாதம் அண்ணத்தில் ஒட்டியிருக்கலாம். இதை இவள் எங்கே கற்றாள். ஜிக்கு சொன்னதில்லை, அது நிச்சயம், ஒன்று விடாமல் வெட்டி எடுத்தாயிற்று, எந்த எபிசோடிலும் கிடையாது, உலகத்தில் எந்த போனிலும் கிடையாது. இது இந்தச் சமையலறையில் மட்டும்தான் இருக்கிறது. பால் பொங்கினால், கேஸ் தீர்ந்தால், இவள் துப்பினால். முதுகைக் காட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள், ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், எப்போது கேட்டாள். அப்படியானால் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான் நல்ல குரலில் கொஞ்சியதையெல்லாம் விட்டுவிட்டு என் அலுப்பைப் பொறுக்கி வைத்திருக்கிறாள், கழுதை. சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று கேட்டால் இதைச் சொல்லலாமா, இது வார்த்தையில் சேருமா, அந்த அம்மாள் இதை எப்படி எழுதுவார்.

மேலே மறுபடியும் போன் அடிக்கிறது. பூபதிக்குப் பொறுமையே கிடையாது. நான் அண்ணாந்து துண்டைப் பார்க்கிறேன், அது அதிர்வதைப் பார்க்கிறேன், எடுத்து இதைச் சொல்லிவிடலாமா, இல்லை சாயங்காலம் நேரில் சொல்வதா, எடுத்தால் இவள் பார்த்துவிடுவாளே, எடுக்காவிட்டால் பயந்துவிடுவாரே. கீழே என் முழங்காலில் ஒரு பிசுபிசுத்த கை விழுகிறது.

"ப்ச்."

திரும்பிப் பார்க்கிறேன்.